152 எப்படி 200 ஆயிற்று?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டசபையில் எவன் உட்கார்ந்தால் நமக்கென்ன என்று ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 1952-ம் வருஷத்துச் சென்னை ராஜ்யச் சட்டசபையின் கதையைச் சொல்கிறோம்.

வெள்ளைக்காரன் காலத்து மாகாணச் சட்டசபைக்கு ஓட்டுப் போடச் சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படிப்பு வேண்டும். பண்ணையாளுக்கு இவை ஏது? 1952 தேர்தலில்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. மிராசுதாருக்கு ஒரு ஓட்டு. அவர் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் ஒரு ஓட்டு.

தமிழ்நாடு, ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த அந்தச் சபையில் ஸ்தானங்கள் 375. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. அடக்குமுறையில் அடிபட்டு வந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62! தோழர் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். முதல் மந்திரி குமாரசாமி ராஜா தோற்றார். மந்திரி பக்தவத்சலமும் தோற்றார்.

பெரும்பான்மைக்கு 188 பேர் வேண்டும். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, 166 பேர் ஆதரவு உண்டென்று மந்திரிசபை அமைக்க உரிமை கோரின. 152 பெரிதா, 166 பெரிதா? நெல் அளக்கும் தோழருக்கு இது தெரியும். கவர்னர் ஸ்ரீ பிரகாசாவின் கணக்கு வேறு. தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, அவரையே மந்திரிசபை அமைக்க அழைத்தார். இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று அரசியல் சட்டம் ஒதுக்கிய ஸ்தானம் அது. ராஜாஜி எழுத்தாளர்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கதை எழுதவா கூப்பிட்டார்கள்? ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடியாயிற்று.

பிறகு ஆள் சேர்ப்பு நடந்தது. 6 பேர் கொண்ட காமன்வீல் கட்சி கைகொடுத்தது. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். ஜூலையில் நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151. இடையில் ஜனங்கள் மறுபடி ஓட்டுப் போடவில்லை!

கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று ராஜாஜி சபையிலேயே அறிவித்தார். ஆனால் அதே ஆகஸ்டில் அவருடைய சர்க்காரே தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டத் தடை. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. ஓட்டை இல்லாத சட்டமல்ல; சிறிய நிலக்காரர்களை அது தொடவில்லை. ஆனாலும் மிராசுதார்கள் அலறினார்கள். மனம் இளகியா இது வந்தது? தஞ்சை வயல்களில் செங்கொடி நின்றது, சபையில் 62 பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் வந்தது.

1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் 1954-ல் ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராஜ், மேல்சபையைத் தேடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டார். நம் கட்சி அவரை எதிர்த்தது, தோற்றது. அது வேறு விஷயம்.

ராஜாஜி நுழைந்த அந்த மேல்சபை 1986-ல் கலைக்கப்பட்டது. எவருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரை முதலில் அழைப்பது என்ற அதிகாரம் மட்டும் இன்றும் கவர்னர் கையில்தான் இருக்கிறது.