கவர்மெண்டில் ஒளிந்திருக்கும் ஓர் எழுத்து



கவர்மெண்ட் பஸ், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, கவர்மெண்ட் வேலை. நம்ம ஊர்ல இந்தச் சொல் புழங்காத வீடே கிடையாது. ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நன்கு படித்தவர்கள்கூட ஓர் எழுத்தை விட்டுவிடுகிறார்கள்.

எந்த எழுத்து? நடுவில் வரும் 'என்'. பேசும்போது அது காதில் விழுவதில்லை. காதில் விழாதது கையிலும் வருவதில்லை. இதற்கு ஓர் எளிய வழி இருக்கு. சொல்லை இரண்டாகப் பிரியுங்க. முதல் பாதி 'கவர்ன்', அதாவது ஆட்சி செய்தல்: ஜி, ஓ, வி, இ, ஆர், என். அடுத்த பாதி 'மென்ட்': எம், இ, என், டி. மொத்தம் 10 எழுத்து, அதில் 'என்' இரண்டு முறை. சந்தேகம் வந்தால் 'கவர்னர்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்க. ஒளிந்திருந்த 'என்' கேட்டுவிடும். கிரேக்கத்தில் கப்பலைச் செலுத்துவதைக் குறித்த சொல்தான் லத்தீன் வழியாக இப்படி ஆங்கிலத்துக்கு வந்தது.

"ஓர் எழுத்துதானே, என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்கலாம். பரீட்சையில் ஒரு மார்க் போகும். செல்போனில் பணமே போகும். ஓரிரு எழுத்தை மாற்றி, அரசுத் தளம் போலவே போலித் தளம் நடத்துகிறவர்கள் நம் கண் தவறுவதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இணைய முகவரியில் இந்தச் சொல் முழுதாக வராது. ஜி, ஓ, வி என்ற மூன்றே எழுத்து. அலுவலகப் பலகையில் சுருக்கி எழுதுவதுபோல் கடைசியில் 'டி' சேர்க்கக் கூடாது. 'ஜிஓவி புள்ளி இன்' என்ற முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. தமிழ்நாடு அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'டிஎன் புள்ளி ஜிஓவி புள்ளி இன்' என்று முடியும்.

'முடியும்' என்பதைக் கவனியுங்க. முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டை ஒட்டி முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்க. அங்கே 'ஜிஓவி புள்ளி இன்' இருக்க வேண்டும். அதற்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் நீண்டால், அது அரசுத் தளம் அல்ல. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீங்க. போலித் தளத்திலும் பூட்டு இருக்கும்.

ஐஆர்சிடிசி போன்ற சில பொதுத்துறை நிறுவனங்களின் முகவரி வேறு மாதிரி இருக்கும். எதுவானாலும், குறுஞ்செய்தியில் வந்த லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து உள்ளே போங்க.

ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதீங்க. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

ஓடிபி கேட்கும் பக்கம் எது வந்தாலும், முதலில் மேலே உள்ள முகவரியை நிதானமாகப் படிங்க. அதற்கு அஞ்சு விநாடி போதும்.