நடுங்கியது யார்?



இன்று நாம் பார்க்கப்போகும் படம் 1931-இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 'பழைய பேய்ப்படம்தானே' என்று நினைத்து வந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்து நடுங்குவது அந்தப் பூதம்தான்!

பிணங்களின் உறுப்புகளைத் தைத்து, மின்னலைப் பாய்ச்சி, ஓர் உயிரை உண்டாக்குகிறான் ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன். உண்டாக்கியவனுக்குப் பெயர் இருக்கிறது. உண்டானவனுக்கு இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் நடிகர் பட்டியலில்கூட அவனுக்கு நேராக ஒரு கேள்விக்குறிதான்!

இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தவனுக்கு ஹென்றி கூரைக் கதவைத் திறந்துவிடுகிறான். வெளிச்சம் முகத்தில் விழுகிறது. அண்ணாந்து பார்க்கிறான், மெல்ல எழுகிறான், இரண்டு கைகளையும் நீட்டி அந்த ஒளியைப் பிடிக்கப் பார்க்கிறான். கதவு மூடப்படுகிறது. நீட்டிய கைகள், கொடுத்ததை ஏன் பிடுங்கிக்கொண்டாய் என்று கேட்கின்றன. அடுத்த கணம் ஒருவன் தீப்பந்தத்தோடு உள்ளே வருகிறான். இவன் அலறுகிறான். அலறியதற்குத் தண்டனை, சங்கிலி!

மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் இந்தப் பூதம் பக்கம் பக்கமாகப் பேசும். இயக்குநர் ஜேம்ஸ் வேல் அந்தப் பேச்சைப் பறித்துவிட்டார். அது நஷ்டம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேச்சு போனதால்தான் போரிஸ் கார்லாஃப் என்ற மகா கலைஞனின் கைகள் பேசின. ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கில் உழைத்து அந்த முகத்தைச் செய்தார். கண்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன, இப்போதுதான் பிறந்தவனுக்கு இவ்வளவு தெளிவு ஆகாது என்று பட்டது கார்லாஃபுக்கு. இமைகளின்மேல் மெழுகு வைத்துக் கனக்கச் செய்தார்கள். அந்த அரைத் தூக்கப் பார்வை அப்படி வந்தது.

ஏரிக்கரைக் காட்சிக்கு வருகிறேன். மரியா என்ற சிறுமி அவனைக் கண்டு ஓடவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடுகிறார்கள். அவன் சிரிக்கிறான்! பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. பூ மிதந்ததே, இவளும் மிதப்பாள் என்று குழந்தையைத் தூக்கிப் போட்டுவிடுகிறான். அவள் மூழ்கியதும் பதறித் தடுமாறி ஓடுகிறான்.

குழந்தையை வீசும் அந்தப் பகுதியைத் தணிக்கையாளர்கள் வெட்டினார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? அவன் குழந்தையை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி அறுந்தது. பிறகு மரியாவின் பிணத்தைத் தகப்பன் சுமந்து வருகிறான். நடுவில் நடந்ததை ரசிகர்கள் தம் மனம்போல் நிரப்பிக்கொண்டார்கள். அறியாமல் செய்தவனைக் கொடியவனாக்கியது அந்தக் கத்தரிக்கோல்! ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவன் அந்தப் பழியைச் சுமந்தான். 1980-களில்தான் வெட்டிய துண்டு மீண்டும் படத்தில் சேர்ந்தது.

கடைசியில் ஊரே தீப்பந்தம் ஏந்தி அவனைத் துரத்துகிறது. ஜேம்ஸ் வேல் முதல் உலகப்போரில் களம் கண்டவர், ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். வெறிகொண்ட கூட்டத்தை அவர் படமெடுத்த விதத்தைக் கவனியுங்கள்.

இன்று திரையிடுவது முழுமையான பிரதி. மரியா மூழ்கியபின் அவன் கைகள் என்ன செய்கின்றன என்று உற்றுப் பாருங்கள். படம் முடிந்ததும் அதைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.