பழைய படமும் புதிய பிரதியும்



நம்முடைய வீடுகளிலே பழைய புகைப்படங்களைத் தேடும் நாள்கள் இரண்டு. ஒன்று, வீட்டிலே ஒருவர் கண்மூடிய நாள். மற்றையது, அவருடைய அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடக் கொடுக்கும் நாள். முதல் நாளிலே மரண அறிவித்தலுக்கு ஒரு முகம் வேண்டும். பின்னரோ நினைவு மலரின் முகப்புக்கும், சுவரிலே மாலையிட்டு வைப்பதற்கும் பெரிய படமொன்று வேண்டும். அப்பொழுதுதான் றங்குப்பெட்டி திறக்கப்படுகின்றது; அலுமாரியின் அடித்தட்டுத் துழாவப்படுகின்றது. ஈற்றிலே கைக்கு அகப்படுவது அடையாள அட்டைக்கென எடுத்த படமே. எழுபது ஆண்டு சிரித்த முகமாக வாழ்ந்த ஒருவர், அரசாங்க அலுவலுக்காக இறுகிய முகத்தோடு ஒரு கணம் அமர்ந்த அந்தக் கோலத்திலேயே பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு நிலைத்துவிடுகின்றார். இந்த அவசரம் நேருமுன்னர், வீட்டிலுள்ள நல்ல படங்களைச் சிறு செலவிலே பிரதிசெய்து வைப்பது எங்ஙனம் என்பது பற்றியே இன்று பேச நினைக்கின்றேன்.

வேறு நாட்டவர்க்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கு அப்படியன்று. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே வலிகாமத்திலிருந்து புறப்பட்ட மக்கள் எதைக் கையிலெடுத்தனர்? காணி உறுதி, பிறப்பத்தாட்சி, இருந்த நகை, குழந்தையின் பால்மா. சுவரிலே தொங்கிய படங்கள் சுவரிலேயே நின்றன. 2004 மார்கழியிலே கடல் புகுந்த வீடுகளிலும், 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியோரின் பைகளிலும் எஞ்சியவை இன்னும் குறைவு. ஆகவே நம்மிற் பலருக்கு முதலாவது வேலை படத்தைப் பிரதிசெய்வதன்று. படம் எங்கே இருக்கின்றதென்று கண்டறிவதே. அந்நாளிலே கலியாணம் நடந்தால் வெளியூரிலுள்ள உறவினருக்குக் கடிதத்தோடு ஒரு படமும் அனுப்பும் வழக்கம் இருந்தது. லண்டனிலோ, ரொறொன்ரோவிலோ, கொழும்பிலேயோ ஒரு மாமியாரின் கடிதக்கட்டினுள் உங்கள் பெற்றோரின் மணக்கோலம் பத்திரமாக இருத்தல் கூடும். கேட்டு எழுதுங்கள்.

படங்கள் கிடைத்தபின், எதை முதலிற் பிரதிசெய்வது? கறுப்பு வெள்ளைப் படமே பழையது, அதுவே முந்த வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை மறுதலையானது. கறுப்பு வெள்ளைப் படத்திலே உருவத்தைத் தாங்குவது ஜெலற்றின் படலத்திற் பதிந்துள்ள வெள்ளித் துகள். படத்தைக் கழுவியவர் ஒழுங்காகக் கழுவியிருந்தால், ஈரம் படாதிருந்தால், அது நூறாண்டைக் கடந்தும் நிற்கும். கழுவுதலிலே கஞ்சத்தனம் செய்திருந்தாற்றான் மருந்து தங்கி மஞ்சட் கறை படரும். வண்ணப் படத்தின் கதை வேறு. அதிலே இருப்பன சாயங்கள். 1970களிலும் 1980களிலும் அச்சான வண்ணப் படங்கள் பலவற்றிலே அச்சாயங்கள் இருட்டிலே வைத்தாலும் மங்குவன. நீலம் கலைய, முகமும் சேலையும் வானமும் ஒரே செம்மையாகிவிடும். பாட்டியின் கலியாணப் படம் தெளிவாயிருக்க, தாயின் கலியாணப் படம் சிவந்து கிடக்கும் விந்தையை எத்தனையோ வீடுகளிற் காணலாம். ஆதலால் வண்ணப் படங்களுக்கே முதலிடம் கொடுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தினுள் இருக்கும் படம் நம் நாட்டு ஈரக்காற்றினாற் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அதை உரித்தெடுக்க ஒருபோதும் முயலாதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்து, எதிரே கறுப்புத் துணியொன்றைப் பிடித்து, தெறிப்பு விழாதபடி கண்ணாடிக்கு மேலாகவே படமெடுக்கலாம். பசை தடவிய பக்கங்களின்மேற் பிளாஸ்ரிக் தாள் மூடிய அல்பங்களும் இத்தகையனவே. ஒரு மெல்லிய நூலைப் படத்தின் அடியாற் செலுத்திப் பாருங்கள். இளகாவிடின் பக்கத்தோடு சேர்த்தே பிரதிசெய்யுங்கள்.

இனிச் செலவுப் பேச்சு. ஸ்கானர் என்னும் கருவி உள்ள கடை இன்று சிறு பட்டணங்களிலும் உண்டு. அங்கே செல்பவர் ஒரு கணக்கை அறிந்து செல்லல் நன்று. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் வேண்டும். உங்கள் கையிலுள்ள படம் 2 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் ஆயின், அதை 600 புள்ளியிலே எடுத்தால் 1200க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். அது 4க்கு 6 அங்குல அச்சுக்குச் சரியாகப் போதும். கடைக்காரர் அவசரத்திலே 150 புள்ளியில் எடுத்துத் தந்தால், எவ்வளவு விலையுயர்ந்த தாளிலே அச்சிட்டாலும் முகம் கலங்கியே தோன்றும். பிழை தாளில் இல்லை.

ஸ்கானர் அகப்படாவிடின் கைப்பேசியே போதும். காலை வேளையிலே, நேர்வெயில் படாத விறாந்தையிலே, படத்தைச் சமதளத்தில் வைத்து, கைப்பேசியை அதற்கு நேர்மேலே பிடித்து, பளிச்சொளியை அணைத்துவிட்டு எடுங்கள். அதைக் கடைக்கு வாட்ஸ்அப் மூலம் அனுப்புவோர், படமாக அனுப்பாது ஆவணமாக அனுப்புக. படமாக அனுப்பினால் அது வழியிலே சுருக்கப்பட்டு நுணுக்கங்களை இழந்துவிடும்.

பிரதி அச்சிடும் கடைகளும் இரு வகை. பஸ் நிலையத்தருகே போட்டோக்கொப்பி எடுக்குமிடத்திலே சாதாரண வண்ண அச்சுப்பொறியிலே பளபளப்பான தாளில் எடுத்துத் தருவது ஒரு வகை. ஸ்ரூடியோக்களிலே புகைப்படத்துக்கென்றே அமைந்த தாளில் எடுப்பது மற்றொரு வகை. 2022 இன் நெருக்கடிக்குப் பின்னர் காகிதமும் மையும் விலையேறியது உண்மையே. எனினும், மலிவென்று முன்னதை எடுத்துச் சில ஆண்டுகளில் நிறமிழந்து மறுபடியும் எடுப்பதிலும், பின்னதை ஒருமுறை எடுப்பதே சிக்கனம். முதலில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, மனம் நிறைந்தால் மற்றவற்றைக் கொடுங்கள். 4க்கு 6 அளவே வழக்கமானது. ஆகையால் விலையுங் குறைந்தது. சதுரமான பழைய படத்தை அந்த அளவிற்கு இயந்திரம் பொருத்தும்போது தலையோ காலோ வெட்டுப்படும். வெள்ளை ஓரம் விட்டு முழுமையாக எடுக்கும்படி வாய்திறந்து சொல்லவேண்டும். மூலப்படத்தை லமினேற் செய்துதரவா என்று கேட்டால் மாத்திரம் மறுத்துவிடுங்கள். சூட்டினால் ஒட்டிய அந்த உறையைப் பிறகு கழற்ற இயலாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகின்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது எங்கும் வந்துவிட்டன. அவை தெளிவாக்குவதில்லை, ஊகிக்கின்றன. எங்கோ உள்ள இலட்சம் முகங்களைக் கற்று, இந்த இடத்திலே இப்படியொரு கண் இருக்கலாம் என்று வரைகின்றன. பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆயின் அது உங்கள் தாத்தாவன்று, அவரைப் போன்ற வேறொருவர். கீறலையும் கறையையும் நீக்கட்டும். முகத்தைத் தொடாத பிரதியொன்றையும் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரிக்கு ஒருநாள் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வந்தார். பழைய மாணவி. இடப்பெயர்வுகளிலே வீட்டுப் படங்கள் யாவும் அழிந்தன. இளமையிலே இறந்துபோன தமையனாரின் முகம் எங்குமில்லை. அவர் மெய்வல்லுநர் குழுவில் இருந்தவர், குழுப்படம் ஏதேனும் உண்டா என்று கேட்டார். அலுவலக அலுமாரியிலே, பழைய வரவுப் பதிவேடுகளின் பின்னே, 1968 ஆம் ஆண்டுப் படமொன்று இருந்தது. அதிலே அந்த முகம் சுண்டுவிரல் நகத்தளவு. ஸ்ரூடியோக்காரத் தம்பி அதை 1200 புள்ளியிலே எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, அஞ்சலட்டையிற் பாதியளவுக்கு மேல் போகாதீர்கள் என்றார். நல்ல அறிவுரை. அப்படியே அச்சிட்டுக் கொடுத்தோம். அம்மையார் நெடுநேரம் பார்த்தார். அழவில்லை. "காது எங்கட ஐயாவின்ர காது" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படத்திலே தமையனாரை அவரால் இனங்காட்ட முடிந்தது. அருகே நிற்கும் மற்றைப் பதினொருவர் யார் என்று சொல்ல எவருமில்லை. அட்டையின் அடியிலே ஆண்டும் கல்லூரியின் பெயரும் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. மாணவர் பெயர் ஒன்றுமில்லை. கொழும்பிலே 1890 இல் தொடங்கிய பிளாதே போன்ற நிலையங்கள் தத்தம் பெயரை அட்டையிற் பொறித்து வைத்தமையால், படமெடுத்தவரை இன்றும் அறிகின்றோம். படத்தில் இருப்பவரை அறிகிலோம். ஆகவே பிரதியெடுக்கும் நாளிலேயே பெயரையும் எழுதுங்கள். மூலப்படத்தின் பின்புறத்திலே, ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம்; குமிழ்முனைப் பேனா முன்பக்கத்திலே தழும்பிடும், மையும் ஊறும். "அம்மா", "சின்னையா" என்று எழுதாது, முழுப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். எழுதுகிறவருக்கு அம்மா, நாளை படிப்பவருக்கு யாரோ.

நல்லூர்த் திருவிழாக் காலத்திலே வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவார்கள். வீட்டிலே மூத்த பெரியம்மா ஒருவர் இருப்பின், அவர் பக்கத்திலே படங்களைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதைக் கைப்பேசியிலே பதிவுசெய்யுங்கள். காலை வேளையே உகந்தது. மாலையில் அவருக்குக் கண் தெரியாது.