கடல்நீரும் குளத்துநீரும்



நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் நீர் கசிவதை நாம் இல்லந்தோறும் காண்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. குளத்து நுண்ணுயிர் அந்நீரிற் புகுந்தால் தன் நீரை இழந்து வாடும். கடல் நுண்ணுயிர் குளத்திற்கு வந்தால் நீர் உட்புகுந்து வீங்கும். ஆகவே இவ்வெல்லையைக் கடந்து நிலைபெறுதல் அரிது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'சார்-11' என்னும் பாக்டீரியக் குடும்பம் அட்லாண்டிக்கின் சர்காசோக் கடலில் 1990-இல் அறியப்பட்டது. கடல்களில் மிகுந்து வாழும் இக்குடும்பத்தின் ஒரு கிளையாகிய 'எல்.டி.-12' நன்னீருக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவின் லூசியானாக் கரையோர நீரிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட அதனைப் பற்றிய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. உவரைத் தாங்க உதவும் சில மரபுக்கூறுகளை அது இழந்துவிட்டதாக அவ்வாய்வு காட்டுகிறது. வந்த வழியே திரும்புதல் அதற்கு எளிதன்று.

இதனால் நாம் கொள்ளும் பாடம் யாது? இத்தகைய மாற்றம் எண்ணற்ற தலைமுறைகளில் நிகழ்வது. உவர்நீரோ ஓர் இரவில் வயலிற் புகுந்துவிடும். பயிருக்கு உணவாக்கித் தரும் மண் நுண்ணுயிர்கள் பலவற்றிற்கு அதற்குள் மாற அவகாசம் ஏது? 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்ட வயல்களிற் புகுந்ததை நாம் மறந்திலோம்.

எனவே கரைகளைப் பலப்படுத்துவோம். கடலோரக் கிணறுகளில் அளவுமீறி நீர் இறைப்பதைத் தவிர்ப்போம். உவரேறிய நிலத்தில் மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்திடுவோம். கண்காணா இவ்வுயிர்களைக் காப்பது நம் விளைச்சலைக் காப்பதேயாகும்.