கண்ணுக்குத் தெரியாத தூசி



கோலார் தங்கவயல் அன்று மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். பூமிக்கடியில் பாறையைத் துளைத்தார்கள். தூசி பறந்தது.

பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத தூசிதான் நுரையீரலுக்குள் போகும். அங்கே தழும்பு விழும். நுரையீரல் இறுகிப் போகும். இந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். பல வருடம் கழித்துத்தான் தெரியும். முதலில் இருமல், பிறகு மூச்சு இரைப்பு. காசநோய் என்றே பலர் நினைப்பார்கள். இந்த நோயாளிகளைக் காசநோயும் எளிதில் பற்றும்.

தங்கவயலில் 7,653 தொழிலாளிகளை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு சுமார் 44 பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது! 1947-ல் இது வெளியே தெரிந்தது.

குணப்படுத்த மருந்து இல்லை. தடுக்க முடியும். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும்.

தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனால் கல் குவாரியிலும் கிரஷரிலும் அதே தூசி பறக்கிறது. மூக்கில் துண்டு கட்டினால் போதாது. நுண்ணிய தூசி துணிக்குள் நுழைந்துவிடும். இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், தாம் செய்யும் வேலையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.