வியத்நாமியரின் இல்லுறை தெய்வங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் நின்று பேசும் மேடையில், சரக்குப் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தராகிய எம்மையும் ஏற்றிவிட்டார் நம் செயலாளர். இலக்கியம் பேச யாம் துணியவில்லை. வியத்நாம் நாட்டு மக்கள் ஆண்டு பிறக்கும் வேளையில் தம் வீட்டுத் தெய்வங்களை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதைப் பற்றி, படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சொல்ல விழைகிறோம். ஊரை விட்டு வந்து காலனியில் குடியிருக்கும் நம்மனோர்க்குப் பொருந்தும் கருத்தொன்று அவ்வழக்கங்களில் அடங்கியுள்ளது. அதனாலேயே இப்பொருளைத் தெரிந்தெடுத்தோம்.

வியத்நாமியரின் ஆண்டுப் பிறப்புக்குத் 'தேத்' என்று பெயர். திங்களின் வளர்ச்சி தேய்வையும் ஞாயிற்றின் செலவையும் சேர்த்துக் கணிக்கும் பஞ்சாங்கம் அவர்களுடையது. அதன்படி ஜனவரி 21ஆம் நாளுக்கும் பிப்ரவரி 20ஆம் நாளுக்கும் இடையே வரும் அமாவாசையன்று ஆண்டு பிறக்கும். ஆனால் திருவிழா அதற்கு ஒரு வாரம் முன்னரே, பன்னிரண்டாம் மாதத்து 23ஆம் நாளில், அடுப்பங்கரையில் தொடங்கிவிடுகிறது. வேறெங்கும் அன்று.

அடுப்பங்கரைத் தெய்வங்கள் மூவர். ஆடவர் இருவர், பெண் ஒருத்தி. இவர்களைப் பற்றி வழங்கும் கதை கல்நெஞ்சையும் கரைப்பதாகும். சோங் காவ் என்பவனும் தி ஞி என்பவளும் கணவன் மனைவியர். மகப்பேறு இல்லாக் கவலையால் கணவன் கொடியவனானான். ஒருநாள் மனைவியை அடித்துவிட்டான். அவள் வீட்டை விட்டு வெளியேறி, நெடுந்தூரம் சென்று, பாம் லாங் என்னும் நல்லவனை மணந்து வாழ்ந்தாள். பின்னர் மனம் வருந்திய முதற் கணவன் அவளைத் தேடி ஊர் ஊராய் அலைந்து, கைப்பொருள் இழந்து, இரந்துண்ணும் நிலையடைந்தான். பிச்சை கேட்டு நின்ற வீடு அவளுடைய வீடாகவே அமைந்தது. அவள் இரங்கி உணவிட்டாள். அவ்வேளையில் இரண்டாங் கணவன் வீடு திரும்பவே, வீண் ஐயத்துக்கு அஞ்சி, வந்தவனை வைக்கோற் போரில் மறைத்தாள். பாம் லாங் ஏதுமறியாதவனாய், வயலுக்குச் சாம்பல் உரம் வேண்டிப் போருக்குத் தீ மூட்டினான். உள்ளே இருந்தவன் அவளுக்குப் பழி வரலாகாதென்று வாய் திறவாமல் வெந்து மடிந்தான். அதைக் கண்ட அவள் தீயிற் பாய்ந்தாள். மனைவியைப் பிரிய மாட்டாத பாம் லாங்கும் காரணம் புரியாமலே உடன் பாய்ந்தான். வானுலகப் பேரரசர் மனமிரங்கி, மூவரையும் பிரிக்காமல் அடுப்புத் தெய்வங்களாக்கினார். பானையைத் தாங்கும் அடுப்புக் கற்கள் மூன்றும் இம்மூவரே என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு கல் இல்லையெனினும் பானை நில்லாதன்றோ?

இத்தெய்வங்கள் ஆண்டு முழுவதும் அடுப்பங்கரையிலேயே இருந்து அவ்வீட்டாரின் சொல்லையும் செயலையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. விருந்தினர் கூடத்தில் எவரும் நல்லவரே. மாமியார் மருமகளிடம் என்ன சொன்னார், பசித்து வந்தவனுக்குச் சோறு கிடைத்ததா என்பன அடுப்பங்கரைக்கே தெரியும். 23ஆம் நாளன்று அவை விண்ணுலகேறி, அக்குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கை வானுலகப் பேரரசரிடம் ஒப்பிக்கின்றன. தணிக்கை அதிகாரி வரும் நாளில் நம் அலுவலகம் இருக்கும் நிலையை அறிந்த அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் தணிக்கையாளர் வெளியிலிருந்து வருவார். ஆண்டுக்கு ஒரு முறையே வருவார். அவர்களுடைய தணிக்கையாளரோ நாள்தோறும் உலையருகிலேயே அமர்ந்திருக்கிறார்.

பயணத்துக்கு வேண்டுவனவற்றை வீட்டார் முறையாகச் செய்து கொடுக்கின்றனர். ஆடவர்க்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று எனக் காகிதத்தால் தொப்பிகளும், அங்கிகளும், காலணிகளும் வைத்துப் படைத்துப் பின்னர் அவற்றைத் தீயிலிடுகின்றனர். ஊர்தியாவது கெண்டை இனத்தைச் சேர்ந்த பெரிய மீன். அம்மீன் நாகமாக உருமாறி விண்ணேறும் என்பது கதை. ஆகவே வட பகுதியினர் உயிர் மீனை வாங்கிவந்து படைத்து, ஆற்றிலோ குளத்திலோ விடுகின்றனர். ஹனோய் நகரில் செந்நதியின் மீது 1899 முதல் 1902 வரை கட்டப்பட்ட லாங் பியன் என்னும் இரயில் பாலம் உண்டு. போரில் பன்முறை குண்டுவீச்சுக்கு ஆளாகியும் நிலைத்து நிற்கும் பாலம் அது. அன்று அப்பாலத்தின் மீது மீன் ஏந்திய மக்கள் கூடுவர். அண்மைக் காலமாக இளைஞர்கள் அங்கே நின்று, மீனை ஆற்றில் விடுங்கள், பிளாஸ்டிக் பையை விடாதீர்கள் என்று மக்களை வேண்டிக்கொள்கின்றனர். வழக்கத்தைக் கைவிடாமலே அதன் மாசை நீக்கும் இம்முயற்சி பாராட்டத் தக்கது.

இத்தெய்வங்களைக் கொண்டு அந்நாட்டார் நகைச்சுவையும் வளர்த்துள்ளனர். ஆண்டின் கடைசி இரவில் அரசுத் தொலைக்காட்சியில் 2003 முதல் பல ஆண்டுகள் ஒரு நாடகம் நடந்து வந்தது. துறைக்கொரு அடுப்புத் தெய்வம் வானுலக அவைக்கு வந்து ஆண்டறிக்கை படிக்கும். பேரரசர் குறுக்கு வினா தொடுப்பார். போக்குவரத்துத் துறைக்கும் ஒரு தெய்வம் உண்டு. அது விழித்து நின்ற காட்சிகளை எண்ணும்போது நமக்குச் சிறிது ஆறுதலே உண்டாகிறது.

அடுப்புத் தெய்வம் போய்த் திரும்பும் வரை வீட்டுக்குக் காவல் இல்லை. அக்காலத்தில் தீயவை அணுகாதிருக்க, முற்றத்தில் நெடிய மூங்கில் ஒன்றை நட்டு, உச்சியில் இலைக் கொத்தும் காற்றில் ஒலிக்கும் மண்மணிகளும் தொங்கவிடுவது பழைய வழக்கம். புத்தாண்டின் ஏழாம் நாளில் அம்மூங்கிலை இறக்குவர். வீட்டைத் துப்புரவு செய்வதும் இந்நாட்களிலேதான். முன்னோர் பீடத்தைத் துடைத்து, ஆண்டு முழுதும் ஊதுவத்தி எரிந்து நிறைந்த கிண்ணத்திலிருந்து அடிக்குச்சிகளைக் களைந்து, சிலவற்றை மட்டும் விட்டுவைப்பர். முற்றும் களைவதில்லை. சென்ற ஆண்டின் தொடர்பு அற்றுப்போகலாகாது என்பது கருத்து.

அடுத்து முன்னோர். வீட்டில் மூத்தவர் குடும்பக் கல்லறைகளுக்குச் சென்று, புல்லைச் செதுக்கித் தூய்மை செய்து, "தேத் உண்ண வீட்டுக்கு எழுந்தருளுங்கள்" என்று அழைப்பார். ஆண்டின் கடைசி நாள் பிற்பகல் படையல் இடப்படும். ஒட்டரிசியும் பச்சைப்பயறும் பன்றி இறைச்சியும் இலையிற் பொதிந்து, இரவெல்லாம் கொதிக்கவைத்து எடுத்த 'பான் சுங்' என்னும் சதுர அடை அதில் தலைமையானது. தென் பகுதியில் அதனையே உருளை வடிவில் செய்வர். அடை வேகும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் வீட்டாரெல்லாரும் பானையைச் சுற்றி அமர்ந்திருப்பர்; பாட்டிமார் பழங்கதை சொல்லக் குழந்தைகள் கேட்டிருப்பர்.

இங்கேதான் யாம் வியந்த செய்தி ஒன்று வருகிறது. முன்னோரை அழைக்கும் முன்னர், வீட்டார் முதலில் வணங்குவது 'தோ கோங்' என்னும் நிலத் தெய்வத்தை. அவ்வீடு நிற்கும் மண்ணுக்கு உரியவர் அவர். "எங்கள் முன்னோர் இன்று இங்கே வருகின்றனர், உள்ளே வர இசைவு தரவேண்டும்" என்று அவரிடம் வேண்டிக்கொண்ட பிறகே முன்னோரை அழைக்கின்றனர். வட பகுதியில் பல வீடுகளில் பீடத்தின் நடுக் கிண்ணம் இத்தெய்வத்துக்கே உரியது. குலத்து முன்னோர்க்கும், மணமாகுமுன் இளமையிலேயே இறந்த குடும்பத்தினர்க்கும் உரிய கிண்ணங்கள் இரு பக்கத்தும் அமையும்.

நள்ளிரவு வழிபாட்டின் பெயரே பொருள் பொதிந்தது. 'ஒப்படைத்தலும் ஏற்றலும்' என்பது அப்பெயரின் பொருள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு தேவ அதிகாரிகள். பழைய ஆண்டின் அதிகாரி அந்நொடியில் புதியவரிடம் பொறுப்பை ஒப்படைத்துச் செல்கிறார். சார்ஜ் கொடுப்பதும் வாங்குவதும் நமக்குப் புதியனவல்ல. ஆனால் வானுலகத்தாரும் அதனையே செய்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவர்கள் விரைந்து செல்பவர்களாதலால் உள்ளே வர நேரமிராது என்று வீட்டுக்கு வெளியிலேயே ஒரு படையலும், உள்ளே மற்றொரு படையலும் வைக்கின்றனர்.

தென் பகுதியில் பீடத்தில் வைக்கும் ஐந்து கனிகளையும் சொல்லவேண்டும். சீத்தாப்பழம், அத்தி, தேங்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றின் பெயர்களைத் தென்னாட்டு ஒலிப்பில் சேர்த்துச் சொன்னால், 'செலவுக்குப் போதுமானதைத் தந்தருள்க' என்னும் வேண்டுதல் போல ஒலிக்குமாம். கோடி கேட்கவில்லை, போதுமானதையே கேட்கின்றனர். மாதச் சம்பளக்காரர்களாகிய நம் வேண்டுதலும் அதுவன்றோ?

மூன்றாம் நாளையொட்டி முன்னோர்க்கு விடைகொடுக்கின்றனர். காகிதப் பொன்னையும் காகித ஆடைகளையும் எரித்து அவர்களுடன் அனுப்புகின்றனர். பீடத்தின் இருபுறமும் நீண்ட கரும்புகள் இரண்டு நிறுத்தப்பட்டிருக்கும். திரும்பிச் செல்லும் முதியோர்க்கு அவை ஊன்றுகோல். கொடுத்தனுப்பும் பொருளைத் தோளிற் சுமக்கக் காவடித் தண்டும் அவையே. பொங்கலுக்குக் கரும்பு நிறுத்தும் நம் தாய்மார்கள் இதனை நன்கு உணர்வார்கள்.

அன்பர்களே! காலம் இவ்வழக்கங்களைத் தீண்டாமல் விடவில்லை. 1968இல் தேத் திருநாளிலேயே பெரும்போர் மூண்டு நகரங்கள் எரிந்தன. பண்டுதொட்டு வெடித்துவந்த பட்டாசு 1995ஆம் ஆண்டுத் தேத் முதல் தடைசெய்யப்பட்டது. மூன்று கல் அடுப்புப் போய் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. 1975க்குப் பின் இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினர். ஆயினும் பல மாடிக் கட்டடத்தின் ஓர் அறையில் வாழ்வோரும், எரிவாயு அடுப்பின் மேலே சிறு பலகையடித்து, 23ஆம் நாளில் அத்தெய்வங்களை வழியனுப்புகின்றனர். கோயில் வேண்டியதில்லை, பூசாரியும் வேண்டியதில்லை. சமைக்கும் இடம் ஒன்று இருந்தால் போதும்.

'மண்ணுக்குத் தோ கோங், ஆற்றுக்கு ஆற்றுத் தெய்வம்' என்பது அவர்கள் பழமொழி. எந்த மண்ணுக்கும் அதற்குரிய தெய்வம் உண்டு. புதுமனை புகும்போது முதலில் அடுப்பைக் கொண்டுசென்று நெருப்பேற்றி, அம்மண்ணின் தெய்வத்துக்கு வணக்கம் செலுத்துவர். பிறகு தம் முன்னோரின் ஊதுவத்திக் கிண்ணத்தை உடன் கொண்டுசென்று வைப்பர். ஆக, ஒரு வீட்டில் இரு கடமைகள். நம்மைத் தாங்கும் மண்ணுக்கு ஒன்று. நம்மைத் தந்த முன்னோர்க்கு ஒன்று. மண்ணின் தெய்வத்தை எவரும் தூக்கிச் செல்வதில்லை. முன்னோரை எவரும் விட்டுச் செல்வதில்லை.

இதனை எமக்காகவும் சொல்லிக்கொள்கிறோம். ஊரிலிருந்த எம் பூர்வீக வீடு கைமாறிப் பல ஆண்டுகளாயின. தாத்தா பாட்டிக்கு இனி எங்கே படைப்பது என்ற கேள்வி எம் இல்லத்தில் எழுந்தது. இக் குடியிருப்போ எண்ணிட்ட அரசு வீடு. நமக்குப் பின் மற்றொருவர்க்கு உரியது. இங்கே படைத்தால் அவர்கள் வருவார்களா என்று எம் தாயார் ஐயுற்றார்கள். வியத்நாமியரின் வழக்கத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தோம். "அப்படியானால் இந்த ஊர்ச் சாமியிடம் முதலில் கேட்டுவிடுவோம்" என்றார்கள். அவ்வாறே செய்து வருகிறோம்.

இறுதியாக ஒன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நம் நகரத்தாரும், புதுவை காரைக்கால் மக்களும் சைகோன் நகருக்குச் சென்று வாழ்ந்தனர். அங்கே முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோயில் எடுத்தனர். 1975ஐ ஒட்டி அவர்களிற் பெரும்பாலோர் நாடு திரும்பினர், மாரியம்மன் திரும்பவில்லை. இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அவ்வூரில், பென் தான் சந்தைக்கு அருகில், ஊதுவத்தியும் பூவும் ஏந்தி அவளை வணங்குவோரில் மிகப் பலர் வியத்நாமியரே. நம்மவர் உடன் கொண்டுசென்ற தெய்வம் இன்று அம்மண்ணின் தெய்வமாகிவிட்டது. அயலார் கொண்டுவந்தது என்று அவர்கள் ஒதுக்கவில்லை. தம் மண்ணில் நிற்கும் தெய்வத்துக்குத் தம் வணக்கம் உரியது என்று கொண்டனர்.

தாய்மார்களே! வரும் ஆண்டுப் பிறப்பன்று விளக்கேற்றும்போது, இவ்வூர் மண்ணை நினைத்து முதல் வணக்கம் செலுத்துங்கள். பிறகு பாட்டன் பெயரையும் பூட்டன் பெயரையும் குழந்தைகள் காதுபட வாய்விட்டுச் சொல்லுங்கள். மாறுதல் ஆணை எந்த ஊருக்கு வந்தாலும் அப்பெயர்கள் அவர்களோடு செல்லும்.