இரு மோட்டார்களும் ஒரு திருப்பமும்



மோட்டார் வண்டியைத் திருப்புவதற்கு அதன் முன்சக்கரங்களைத் திருப்பினாற் போதும். யுத்த டாங்கிக்கோ அவ்வாறு திரும்பும் சக்கரம் கிடையாது. இருமருங்கும் சுற்றிவரும் இரும்புப் பட்டைகளே அதன் பாதங்கள். அவற்றைப் பக்கவாட்டில் வளைத்தல் இயலாது. அங்ஙனமாயின் அது திரும்புவது எவ்வாறு? ஓடத்தில் இருந்து துடுப்பு வலிப்பவனைக் கவனித்தோர்க்கு விடை எளிதில் விளங்கும். வலப்புறத் துடுப்பை வலுவாகவும் இடப்புறத் துடுப்பை மெல்லவும் வலித்தால் ஓடம் இடப்புறம் திரும்புகின்றது. டாங்கியின் திருப்பமும் இரு பட்டைகளின் வேக வேற்றுமையிலேயே பிறக்கின்றது. வானொலி அலைகளால் இயக்கி மகிழும் மாதிரி டாங்கிக்கும் இதுவே விதி.

கேட்பதற்கு எளிய இவ்விதியைச் செயற்படுத்துதல் எளிதாக இருக்கவில்லை. 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரான்ஸ் தேசத்துச் சோம் போர்க்களத்தில் பிரித்தானியரின் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. ஏறக்குறைய 28 தொன் எடையுள்ள அந்த வாகனத்தைச் செலுத்த நால்வர் வேண்டியிருந்தனர். சாரதி இயந்திரத்தையும் பிரதான கியரையும் கவனிப்பார். தலைவர் பிறேக்குகளை இயக்குவார். பின்புறத்தில், பட்டைக்கு ஒருவராக, இருவர் கியர் மாற்றுவர். இயந்திரத்தின் பேரிரைச்சலில் சொல் கேளாது, சைகையே மொழி. 1918இல் களம்புகுந்த ஐந்தாம் வகை டாங்கியிலேதான், வில்சன் என்ற பொறியியலாளர் அமைத்த பற்சக்கரத் தொகுதியின் உதவியால், தனியொரு சாரதி நால்வரின் வேலையையும் செய்தார்.

மாதிரி டாங்கியிலே பட்டைக்கு ஒன்றாக இரு சிறு மின்மோட்டார்கள் உள்ளன. இயக்குபவர் கையில் ஒரு பிடி. அதனை முன்னே தள்ளும் அளவு வேகம். பக்கத்தே சாய்க்கும் அளவு திருப்பம். டாங்கியினுள் இருக்கும் மின்னணுச் சுற்று இவ்விரண்டையும் கூட்டி ஒரு மோட்டாருக்கும், கழித்து மற்ற மோட்டாருக்கும் அளிக்கின்றது. வேகம் 60, வலப்புறத் திருப்பம் 20 எனின், இடப் பட்டைக்கு 80. வலப் பட்டைக்கு 40. வேகம் பூச்சியமாக இருக்கத் திருப்பம் மாத்திரம் 20 ஆனால், ஒரு பட்டை முன்னும் மற்றது பின்னும் ஓட, டாங்கி நின்ற இடத்திலேயே சுழலும். நால்வர் சைகையாற் செய்த வேலையை இங்கே கூட்டலும் கழித்தலும் செய்கின்றன.

இனி, மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது எங்ஙனம்? மின்னோட்டத்தின் வழியில் ஒரு தடையை இடுவது பழைய முறை. தடை சூடேறும்; பற்றரியின் சக்தி வீணாகும். சுமை ஏறியதும் மின்னழுத்தத்தின் பெரும்பகுதியைத் தடையே விழுங்கிவிட, மோட்டார் வலுவிழந்து நின்றுவிடும். திரும்பும்போதுதான் சுமை மிகுதி. ஏனெனில், பட்டைகள் நிலத்திற் பக்கவாட்டாக இழுபடுகின்றன. இக்காலச் சுற்றுக்களில் திரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை விட்டுவிட்டுச் செலுத்துகின்றன. செலுத்தும் நேரம் நீண்டால் வேகம் கூடும், குறுகினால் குறையும். ஒவ்வொரு துடிப்பும் பற்றரியின் முழு அழுத்தத்தோடு வருவதால், மெல்லச் சுழலும்போதும் மோட்டார் வலுவோடு சுழலும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. அலை தடைப்பட்டால் டாங்கி என்செய்யும்? சில கிலோகிராம் எடையுள்ள உலோக மாதிரியொன்று, கடைசிக் கட்டளையையே பற்றிக்கொண்டு ஓடுமாயின், குழந்தையின் காலில் ஏறிவிடலாம். ஆகவே, சிறுபொழுதினுள் புதிய கட்டளை வராவிடின் இரு மோட்டார்களும் தாமாகவே நிற்குமாறு சுற்றினை அமைத்தல் வேண்டும்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்துணைக் கவனம் எதற்கு என எண்ணுதல் தகாது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி சந்திரனில் இறங்கிய சோவியத் நாட்டின் லூனகோத் வாகனத்துக்கும் திரும்பும் சக்கரம் இருக்கவில்லை. எட்டுச் சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார்கள். இருபக்க வேக வேற்றுமையாலேயே அது திரும்பியது. பூமியிலிருந்து புறப்பட்ட கட்டளை அதனைச் சேர ஒரு செக்கனுக்கு மேலாயிற்று. அதனால், சாய்வு அளவு மீறினால் தானே நின்றுவிடும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஓடக் கற்ற இயந்திரங்கள் பல. கட்டளை வராதபோது நிற்கவும் கற்றதே நம்பத்தக்கது.